அடைப்புக்குறிக்குள் நோர்வே

அருந்ததி என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது என் தங்கை வீட்டுக் குசினியில். தரகர் வந்துவிட்டுப் போன கையோடு தங்கை தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"தெல்லிப்பழை நடராசாவின்ரை பெட்டை, அக்கா. அருந்ததியாம் பேர். கந்தோரிலை ரைப் அடிக்கிறாளாம். பிழை விடாமல் அடிப்பாளாம்," என்றாள்.

கலியாணப் பேச்சுகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். வடிவாகச் சமைப்பாள் என்பார்கள், பாடுவாள் என்பார்கள், அடக்கமானவள் என்பார்கள். பிழை விடாமல் அடிப்பாள் என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் பெயரும் அந்தச் சொல்லும் என் மனதில் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டன.

நடராசர் எங்களுக்குப் புதியவர் அல்லர். என் ஒன்றுவிட்ட அண்ணையின் மனைவிக்கு அவர் தாய்மாமன் முறை. உறவு அப்படிச் சுற்றித்தான் வரும். அதைச் சொல்லாமல் விட்டால் கதை சொன்ன மாதிரி எனக்கு இராது. தங்கையின் மகன் சுபாஸ்கரனுக்கும் அருந்ததிக்கும் கலியாணம் நடந்தது. அவள் கொழும்புத்துறைக்கு வாழ வந்தாள். என்னைப் பெரியமாமி என்று கூப்பிடுவாள்.

தரகர் பொய் சொல்லவில்லை. கந்தோரில் மற்றவர்கள் அடித்த கடிதங்களையும் அவளுடைய மேசைக்குக் கொண்டுவந்து சரிபார்த்துக்கொண்டுதான் மேலே அனுப்புவார்களாம். ரைப் மெசின் போய்க் கொம்பியூட்டர் வந்தபோது அவளைவிட இளம் ஆட்களே தொடப் பயந்து நின்றார்கள். இவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவரும் இல்லாத வேளை பார்த்துத் தனியே இருந்து பழகினாள். பழகுகிறபோது தான் விடும் பிழையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. அதை அவளே எனக்குச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அப்போது நானும் சிரித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சனசமூக நிலையத்தில் பெண்களுக்கு வகுப்புத் தொடங்கினாள். வெளிநாட்டில் இருக்கிற பழைய ஊரவர்கள் அனுப்பிய கொம்பியூட்டர்கள் அங்கே தூசி மூடிக் கிடந்தன. நிலையத்துக்குப் பக்கத்து வளவு என்னுடையது என்பதால் பூட்டின் திறப்பு என்னிடம்தான் இருக்கும். சனிக்கிழமைகளில் கதவைத் திறந்து விட்டுவிட்டு நானும் ஒரு மூலையில் இருந்துவிடுவேன். படிக்க அல்ல. அங்கே நல்ல காத்தாடி இருந்தது.

அவள் படிப்பிக்கிற விதத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே சில பாடமாகிவிட்டன.

"பழைய கோப்பைத் திறந்து அதுக்கு மேலை எழுதாதேங்கோ. திறந்த உடனை வேறை பேரிலை சேமியுங்கோ. பேந்துதான் ஒரு எழுத்தையெண்டாலும் தொட வேணும்," என்பாள். "எழுத்தைத் தள்ளி வைக்கிறதுக்கு இடைவெளிக் கட்டையை அமத்திக்கொண்டே போகாதேங்கோ. நாளைக்கு ஒரு சொல்லை மாத்தினால் எல்லாம் குலைஞ்சுபோம்." அடித்து முடிந்ததைத் திரையில் பார்த்தால் காணாது, கடதாசியில் எடுத்து வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக நிற்பாள். கண் மன்னித்துவிட்டுப் போகிற பிழையை வாய் மன்னிக்காதாம்.

கடவுச்சொல் பாடம் நடந்த அன்று பெரிய பம்பல்.

"பிள்ளையின்ரை பேரையும் பிறந்த வருசத்தையும் கடவுச்சொல்லா வைக்காதேங்கோ. அது ஊருக்கே தெரியும்."

பிரியந்தினி என்றொருத்தி. மீன் சந்தையில் நிற்கிறவள். வாய்க்காரி. என்னைத் திரும்பிப் பார்த்து, "ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம் ரீச்சர். எங்கடை ஆச்சி ஒராளைப் பிடிச்சால் காணும். கொழும்புத்துறையிலை உள்ள எல்லாற்றை கணக்கையும் உடைக்கலாம்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் மறுக்கவில்லை.

"இன்னும் ஒண்டு," என்றாள் அருந்ததி. "போனுக்கு ஆறு இலக்கம் ஒண்டு வரும். அது உங்கடை வீட்டுத் திறப்பு மாதிரி. கடவுளே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது."

"கடவுளுக்கும் இல்லையோ?"

"கடவுளுக்கு என்னத்துக்குத் திறப்பு? திறப்புக் கேட்டால் அது கடவுள் இல்லை, கள்ளன்."

அந்த வகுப்புக்குப் பெர்னடெட் வந்தாள். தேவராசாவின் மனைவி. தேவராசா பருவத்துக்குப் பருவம் முல்லைத்தீவுக் கரையில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் அடித்துத் தங்கித் தொழில் செய்தவன். எழுதத் தெரியாது. போனில் குரலாகப் பேசித்தான் மனைவிக்கு அனுப்புவான். ஒரு காலை வாடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். வீட்டுக்கு வந்தது உடல்தான். அவன் அனுப்பிய குரல் எல்லாம் அவளுடைய போனில் இருந்தது.

"ரீச்சர், நான் எழுத்துப் படிக்க வரேல்லை," என்றாள் முதல் நாளே. "உது போகாமல் இருக்க ஒரு வழி காட்டினால் எனக்குக் காணும்."

போனை அமத்தினாள். காற்று இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "பெர்னடெட், இஞ்சை காத்து மாறிப்போச்சு. இண்டைக்குக் கடலுக்குப் போகேல்லை. சின்னவளுக்கு இருமல் மாறினதோ? கொத்தமல்லி அவிச்சுக் குடு. அப்பா வாறார் எண்டு சொல்லு."

 பிரியந்தினிகூடத் தட்டுவதை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அது லேசு, பிள்ளை," என்றாள் அருந்ததி. "கொம்பியூட்டரிலை ஏத்தி வேறை ஒரு இடத்திலையும் பிரதி வைச்சால் ஒருநாளும் போகாது. ஆனால் வரிசையிலை வருவம். முதல் எழுத்து, பேந்து கோப்பு, கடைசியிலைதான் பிரதி எடுக்கிற பாடம்."

"இண்டைக்கு ஏலாதோ ரீச்சர்?"

"என்ன அவசரம்? போனுக்குள்ளை இருக்கிறது எங்கை ஓடப்போகுது?"

பெர்னடெட் தலையாட்டிவிட்டு இருந்தாள். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவிடாமல் வந்து, விருப்பமில்லாத எழுத்துகளை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசிப் பாடம் வரும் என்று காத்திருந்தாள்.

அது வருவதற்கு முன்பு நடராசர் இறந்துபோனார்.

மனைவி போன பிறகு அவர் மகளோடு வந்து கொழும்புத்துறையில்தான் இருந்தவர். நித்திரையிலேயே போய்விட்டார். வீடு நிறையச் சனம். வெளிநாட்டில் இருக்கிற உறவுக்கெல்லாம் தெரிய வேண்டுமென்றால் இணையத்தில் மரண அறிவித்தல் போட வேண்டும். ஊரில் யார் செத்தாலும் அந்த அறிவித்தலை அடித்துக் கொடுப்பது அருந்ததிதான். இப்போது அவளுடைய வீட்டிலேயே சாவு. "நீ இரு, வேறை ஆரும் அடிப்பினம்," என்று நான் சொன்னேன். "அப்பாவின்ரை அறிவித்தலை நான் அடிக்காமல் ஆர் அடிக்கிறது, பெரியமாமி?" என்று அழுத முகத்தோடு போய்க் கொம்பியூட்டருக்கு முன் இருந்தாள்.

அதற்கு முன்பு அவள் அடித்தது ஊரில் இறந்த செபநாயகத்தாருடைய அறிவித்தல். அந்தக் கோப்பைத் திறந்து அதற்கு மேலேயே தகப்பனுடையதை எழுதினாள். அவளே சொல்லிக் கொடுத்த முதல் பாடத்துக்கு நேர்மாறு. வேதக்காரர் வீட்டு அறிவித்தல் ஆதலால் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றிருந்ததைக் கவனமாக எடுத்து 'சிவபதமடைந்தார்' என்று போட்டாள். பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். கடதாசியில் எடுத்து வாய்விட்டு வாசிக்கவில்லை. தகப்பன் இறந்துவிட்டார் என்று வாய்விட்டு வாசிக்க எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?

அறிவித்தல் போனது. பெற்றார் பெயர், உடன்பிறந்தார் பெயர், சகோதரங்களின் பிள்ளைகளான பெறாமக்கள் யார் யார், ஒவ்வொருவரும் எந்த நாட்டில், தொடர்புக்கு அருந்ததியின் போன் இலக்கம். எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு பெயர் விடுபட்டாலும் ஆயுளுக்கும் கோபம். ஆகவே எல்லாம் இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை நெருங்கிய ஒரு முற்பகல். நான் அவள் வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் கையில் மாவோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கதைத்தாள். அவள் பக்கத்துக் கதை மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"ஆர்? கோபிசங்கரின்ரை மகனோ? மூத்தவனோ? நிருஷனோ?... ஐயோ மோனை, உன்ரை குரல் எனக்குத் தெரியேல்லை. எவ்வளவு வளந்திட்டாய்... ஓம் மோனை, ஓம், வடிவாச் செய்யிறம்... அது நல்ல வேலை. எல்லாரும் பாக்கலாம்... பொறு, பொறு, வந்திருக்கு."

மாக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டு, போனைப் பார்த்து ஆறு இலக்கத்தை வாசித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல ஒவ்வொன்றாக, தெளிவாக வாசித்தாள்.

வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "எங்கடை சித்தப்பாவின்ரை கோபிசங்கர் இருக்கிறான் எல்லோ, அவன்ரை பெடியன். மாமி மாமி எண்டு என்ன மரியாதை. வெளிநாட்டிலை உள்ள எல்லாரும் பூசையைப் பாக்கக் குடும்பக் குழு ஒண்டு தொடங்கிறானாம். என்னைச் சேத்துவிடத்தான் அந்த இலக்கம்."

கோபிசங்கர் சிறுவயதிலேயே நாட்டை விட்டுப் போனவன். சித்தப்பாவின் மகன், அவளுக்குத் தம்பி முறை. அவனுடைய பிள்ளைகளை நாங்கள் ஒருவரும் கண்டதில்லை. சாவு வீடு ஒன்று, பூசை ஒன்று என்றால்தான் அப்படிப்பட்ட உறவு திரும்ப முளைக்கும். முளைத்ததே என்று அவளுக்குச் சந்தோசம்.

தேங்காய் துருவி முடிவதற்குள் அவளுடைய வட்ஸ்அப் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. உள்ளே வேறு யாரோ ஒருவன் இருந்தான். அவளுடைய பெயரோடும் படத்தோடும் இருந்து, வகுப்புப் பெண்களுக்கு எழுதினான்: 'அன்பான மாணவிகளே, வகுப்புக் குழுவைப் புதிதாக மாற்றுகிறேன். உங்களுக்கு வரும் ஆறு இலக்கத்தை உடனே எனக்கு அனுப்பவும்.'

ரீச்சர் கேட்டால் கொடுக்காமல் இருப்பார்களா? பலர் அனுப்பிவிட்டார்கள். பெர்னடெட்டும் அனுப்பினாள்.

அருந்ததிக்கு விளங்கியபோது அவளுடைய முகத்தை நான் பார்த்தேன். செத்த வீட்டில்கூட அந்த முகம் இல்லை. நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாதாரண அழைப்பில் பெண்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினாள். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது.

"வட்ஸ்அப்பிலை ஏதோ பிழை வந்திருக்கு பிள்ளை. கெதியா அதை அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடும். வந்திருக்கிற ஒண்டையும் வாசிக்க வேண்டாம். ஓம், முழுசா அழியும்."

எல்லாருக்கும் அதையே சொன்னாள். எல்லாரும் அழித்தார்கள். ரீச்சர் சொன்னதல்லவா. மற்றவர்கள் இழந்தது காலை வணக்கப் படங்களும் பகிடிகளும்தான்.

சில நாள் கழித்துக் கணக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கைக்கு வந்தன. பூசையும் முடிந்தது. பெர்னடெட் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அருந்ததி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ரீச்சர், எல்லாம் வெறுமையாக் கிடக்கு. அவற்றை குரல் ஒண்டும் இல்லை. எங்கையும் ஓடாது எண்டியளே ரீச்சர்?"

அருந்ததி போனை வாங்கினாள். அமத்தி அமத்திப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கடையில் காட்டினாள். அவர்கள் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். முழுதாக அழித்தால் உள்ளே இருந்ததும் போய்விடும், வேறு இடத்தில் பிரதி இருந்திருந்தால் மட்டும் எடுக்கலாம் என்றார்கள். அது அவளுக்குத் தெரியாததா? அந்தக் கடைசிப் பாடமே அதுதானே.

அதற்குப் பிறகு வகுப்பு நடக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள். தேவாலயத்து ஒழுங்கையால் போனால் பெர்னடெட் வீட்டைக் கடக்க வேண்டும் என்று சுற்றிக்கொண்டு கடைக்குப் போவதைக் கண்டேன். சுபாஸ்கரன் எரிந்து விழுந்தான்.

"உதை ஏன் நீ மூட்டையாக் கட்டித் தூக்கித் திரியிறாய்? ஹாக் பண்ணிப்போட்டாங்கள் எண்டு சொல்லு. உலகத்திலை நடக்காததோ? ஆர் உன்னைக் கேக்கப்போகினம்?"

அவள் அப்படி ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் அவன் சொன்னபடிதான் பேச்சுப் போனது. ரீச்சரின் கணக்கையே உடைத்துவிட்டார்கள், பொல்லாத கூட்டம் என்றார்கள். அவளுக்கு அனுதாபம் வேறு. ஒருத்தி வீட்டுக்கே வந்து பனங்கட்டியும் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் நிலைய வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பிரியந்தினியும் பெர்னடெட்டும் ஒழுங்கையால் வந்தார்கள்.

"ஆச்சி, ரீச்சருக்குச் சுகமோ?" என்றாள் பெர்னடெட். "அவவைக் கவலைப்பட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான்தான் அழிக்கேக்கை ஏதோ பிழையா அமத்திப்போட்டன். மற்றவைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே. எனக்கு உந்தக் கொம்பியூட்டர் ஒண்டும் ஏறாது ஆச்சி."

"நான் அப்பவே சொன்னனான், உனக்கு விரலிலை கண் இல்லை எண்டு," என்றாள் பிரியந்தினி. பகிடிதான். பெர்னடெட் சிரிக்கவும் செய்தாள். கையில் அந்தப் போனை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் தும்புத்தடியை வைத்துவிட்டு அருந்ததி வீட்டுக்குப் போனேன். பெர்னடெட் சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவள் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். திரையில் தகப்பனுடைய அறிவித்தல்.

"பெரியமாமி, இதைக் கேளுங்கோ," என்று வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினாள். அறிவித்தல் வந்த நாளில் வாசிக்காததை அன்று வாசித்தாள். பெறாமக்களின் பெயர் வந்தது. 'கோபிசங்கர் (நோர்வே)' என்று வாசித்து நிறுத்தினாள்.

"கோபி டென்மார்க்கிலை எல்லோ?" என்றாள், என்னைப் பார்க்காமலே. "அவன் போனதிலை இருந்து டென்மார்க். எனக்குத் தெரியாதே? செபநாயகத்தாற்றை அறிவித்தலிலை அந்த இடத்திலை அவற்றை பெறாமகன் லெனாட் இருந்தவர். லெனாட்தான் நோர்வே. லெனாட்டை அழிச்சுக் கோபியை எழுதினனான். அடைப்புக்குறியை அப்பிடியே விட்டிட்டன்."

அவள் திரையில் அந்த அடைப்புக்குறியை விரலால் தொட்டாள்.

"அண்டைக்கு எடுத்தவன் என்ன சொன்னவன் தெரியுமோ? 'மாமி, நான் நோர்வேயிலை இருந்து கோபிசங்கரின்ரை மகன் கதைக்கிறன்' எண்டவன். நான் அடிச்ச பிழையை எனக்கே வாசிச்சுக் காட்டினவன். அதுக்கு நான் ஓம் மோனை எண்டனான். பேர்கூட அவன் சொல்லேல்லை. நிருஷனோ எண்டு நானே எடுத்துக் குடுத்தனான்."

பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். விரலுக்குள்ளால் கேட்டாள். "பெர்னடெட் தான் பிழை விட்டன் எண்டோ சொன்னவள்?"

"ஓம்."

அடுத்த சனிக்கிழமை வகுப்பு உண்டு என்று சொல்லி அனுப்பினாள். எல்லாரும் வந்தார்கள். காய்ச்சல் மாறினதோ, மெலிஞ்சு போனியள் ரீச்சர் என்று விசாரித்தார்கள். அவள் இருக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ரை கணக்கை ஒருத்தரும் உடைக்கேல்லை. எனக்குக் காய்ச்சலும் இல்லை. ஒருத்தன் சொந்தம் சொல்லிக் கேட்டவன், நான் ஆறு இலக்கத்தையும் வாசிச்சுச் சொன்னனான். அவனுக்கு எங்கடை சொந்தம் தெரிஞ்சது நான் போட்ட அறிவித்தலாலை. அதிலையும் பிழை விட்டிருக்கிறன்."

 பிரியந்தினிதான் தொடங்கினாள்.

"கடவுளே கேட்டாலும் குடுக்கக் கூடாது எண்டியள் ரீச்சர்."

"ஓம். கடவுள் கேட்டிருந்தால் குடுத்திருக்க மாட்டன். தம்பியின்ரை மகன் எண்டு கேட்டவன்."

"எனக்கு அப்பவே ஐமிச்சம்," என்றாள் பிரியந்தினி. "ரீச்சர் எங்களை என்னத்துக்கு 'அன்பான' எண்டு கூப்பிடுறா எண்டு யோசிச்சனான். யோசிச்சுப்போட்டும் அனுப்பினனான், விசரி."

இரண்டொருவர் சிரித்தார்கள். அருந்ததி சிரிக்கவில்லை. அவள் சொல்ல வந்தது அதற்குப் பிறகுதான் இருந்தது.

"உங்களை அழிக்கச் சொன்னது பிழையைத் திருத்த இல்லை. என்ரை பேரிலை வந்ததை நீங்கள் திருப்பிப் பாக்கக் கூடாது எண்டு. என்ரை முகத்தைக் காப்பாத்தத்தான் அழிக்கச் சொன்னனான். பெர்னடெட், நீர் ஒண்டையும் பிழையா அமத்தேல்லை. நான் சொன்னதைச் சரியாச் செய்தீர். அதாலைதான் போனது."

பெர்னடெட் எழுந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

"இலக்கம் குடுத்ததுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன் ரீச்சர். நானும்தான் குடுத்தனான். ஆனால் அழிக்கச் சொல்ல முன்னம், உன்ரை போனிலை அவற்றை குரல் இருக்கெல்லோ எண்டு ஒரு சொல்லு கேட்டிருக்கலாம். உங்களுக்குத் தெரியும்தானே. எல்லாருக்கும் முன்னாலை போட்டுக் காட்டினனான்."

செருப்பைக் கொளுவிக்கொண்டு போய்விட்டாள். அருந்ததி மேசையை விட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அவளுடைய கழுத்தெல்லாம் சிவந்துபோயிருந்தது.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது அதற்குப் பிந்தித்தான். தேவராசா பெர்னடெட்டோடு மட்டுமா பேசியிருப்பான்? எழுதத் தெரியாதவன் எல்லாருக்கும் குரல்தானே அனுப்பியிருப்பான். முல்லைத்தீவில் அவனோடு வாடியில் இருந்த சிமியோன் இன்னும் அங்கேதான் தொழில் செய்கிறான் என்று விசாரித்து அறிந்தாள். போனில் கேட்கவில்லை. நேரே போக வேண்டும் என்றாள். "உனக்கு விசர்," என்று சுபாஸ்கரன் வர மறுத்தான். நான் போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் மடியில் போன் வயரும் பென் ட்ரைவும் வைத்த பையைப் பிடித்தபடி இருந்தாள்.

சிமியோன் வலையில் இருந்து கையெடுக்காமலே கேட்டான். "ஆர் நீங்கள்? தேவராசாவுக்கு என்ன முறை?"

அவள் முழுவதையும் சொன்னாள். முன்பின் தெரியாத கரையில், வலை இழுத்துவிட்டு இருந்த ஆண்கள் கேட்க, இலக்கம் கொடுத்ததையும் அழிக்கச் சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

"நீங்கள் சொல்லுறது மெய்யெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?" என்றான் சிமியோன். "இப்ப கண்டபடி ஆக்கள் சொந்தம் சொல்லிக்கொண்டு வருகினம். கோவிக்காதேங்கோ அம்மா. நான் பெர்னடெட்டிட்டைக் கேக்கிறன்."

தன் போனில் தானே வைத்திருந்த இலக்கத்துக்கு எடுத்தான். அருந்ததி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 'அண்டைக்கு நானும் உப்பிடி ஒருக்கால் கோபிக்கு எடுத்துக் கேட்டிருக்கலாம்' என்று முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது. மறுபக்கத்தில் பெர்னடெட் என்ன சொன்னாளோ தெரியாது. சிமியோன் போனை நீட்டினான். "பிரதி எடுங்கோவாம்."

திரும்பி வந்து, எடுத்ததைக் கொம்பியூட்டரில் ஒன்றும் பென் ட்ரைவில் ஒன்றுமாகப் பிரதி வைத்துவிட்டு, பெர்னடெட்டின் போனிலும் ஏற்றிக் கொடுக்கப் போனாள். நான் கூடவே போனேன். முற்றத்தில் நின்றபடியே போட்டுக் காட்டினாள்.

"டேய் சிமியோன், ஐஸ் கொண்டுவாடா எண்டால் எங்கையடா போய்க் கிடக்கிறாய்? மீன் நாறுது. நீயும் உன்ரை லாண்ட்மாஸ்ரர் வண்டியும்!" பிறகு எழுத முடியாத இரண்டு தூசணம்.

பெர்னடெட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்ரை மாதாவே, உந்த வாயை வீட்டிலை ஒருநாளும் திறந்ததில்லை." உள்ளே இருந்து சின்னவள் "அப்பாவோ அம்மா?" என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தாள். திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள். மற்றக் குரல்களும் முதலாவது மாதிரித்தான். வலை, எண்ணெய், காற்று, ஏச்சு.

எல்லாம் முடிந்ததும் பெர்னடெட் கண்ணைத் துடைத்தாள்.

"அவர்தான் ரீச்சர். அவற்றை குரல்தான். பெரிய உபகாரம்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "ஆனால் இதிலை ஒண்டும் எனக்குச் சொன்னது இல்லை."

அருந்ததி தலையைக் குனிந்தபடி, "ஓம் பிள்ளை," என்றாள்.  தேவாலயத்து ஒழுங்கையாலேயே திரும்பி வந்தோம். வழியில் கண்டவர்கள் சுகம் கேட்டார்கள். அவள் ஒருவருக்கும் முகம் கொடுக்கவில்லை. ஆனால் சுற்றிக்கொண்டு போகவும் இல்லை.

இப்போது அவள் மரண அறிவித்தல் அடித்துக் கொடுத்தால் போன் இலக்கத்தையும் நாடுகளையும் போட விடுவதில்லை. அதனால் ஊரில் கொஞ்சப் பேருக்கு அவளோடு கோபம். வகுப்பில் புதிதாக ஒருத்தி வந்தால் எழுத்துக்கு முன்பு, "உன்ரை போனிலை போகக் கூடாதது எது?" என்று கேட்டு, அன்றைக்கே அதைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். யார் சொந்தம் சொல்லிக் கேட்டாலும் போனை வைத்துவிட்டு, தெரிந்த இலக்கத்துக்குத் திரும்ப எடுத்துக் கேளுங்கள் என்கிறாள். ஏன் என்று கேட்கிறவர்களுக்குத் தன் கதையைச் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் கழுத்துச் சிவக்கிறது.

அருந்ததி கொழும்புத்துறையில், அதே வீட்டில் சுபாஸ்கரனோடு இருக்கிறாள். சனிக்கிழமைகளில் நிலையத்தில் படிப்பிக்கிறாள். பெர்னடெட் அங்கே வருவதில்லை.